முறை வீடு

"ஞாயித்துக்கிழமை ஒண்ணாம் நம்பர். திங்கள் ரெண்டு. செவ்வாய் மூணு. நேத்து நாலு. நான் என்ன சொல்ல வர்றேன்னு புரியுதா மேடம்?"

"வரிசையா வருது."

"காய்ச்சல் மாதிரி வீடு வீடா நகருது. போன வாரங்கள்லயும் இப்படித்தான், இப்பதான் கவனிச்சேன். இன்னைக்கு அஞ்சாம் நம்பருக்கு ஜுரம் வரும். பந்தயம் கட்டுறேன்."

ஜெபமலர் திரையில் இருந்த கோடுகளைப் பார்த்தாள். பத்து வீடுகளுக்குப் பத்துக் கோடுகள். ஒன்பது கோடுகள் இருபத்து நான்கு டிகிரியில் படுத்துக் கிடந்தன. ஐந்தாவது கோடு மட்டும் காலை பத்தரைக்கு எழுந்து, ஏதோ வேலையாகப் போகிறவனைப் போல மேலே ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

"வந்துடுச்சு சார்," என்றாள்.

மறுமுனையில் திருவேங்கடம் பெருமூச்சு விட்டார். வீட்டுவசதித் துறையில் சோதனைப் பிரிவைப் பார்ப்பவர் அவர். கெட்ட செய்தியைக்கூட இரண்டாம் காபி கேட்கிற குரலில்தான் சொல்வார். "வர்ற வியாழக்கிழமை நான் நேர்ல வர்றேன். பழைய அளவையெல்லாம், காரணம் எழுதிக் குடுத்தா, விட்டுடலாம். ஆனா நான் வர்ற அன்னைக்கு ஒரு வீடுகூட இருபத்தொன்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினா என் கையில ஒண்ணும் இல்ல. ஜூன் ஒண்ணாம் தேதி பஸ் வந்து நிக்கும். எல்லாரையும் திருநெல்வேலி குளிர்மாடத்துக்கு ஏத்திட்டுப் போயிடுவாங்க."

குளிர்மாடம் என்பது முப்பது மாடி. ஜன்னல் கிடையாது. அதை ஓட்டுகிற மின்சாரத்தில் ஒரு தாலுகாவுக்கே விளக்கெரிக்கலாம். மழை நின்றுபோன ஊர்களை ஒவ்வொன்றாகக் காலிசெய்து அதில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். உடன்குடிக்கு மேற்கே, தேரி என்கிற செம்மணல் மேடுகளுக்கு நடுவில் இருந்த நடுத்தேரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. தேரியில் மழை பெய்து நாலு வருடம் ஆகியிருந்தது. குளிர்விக்க மின்சாரம் தேவைப்படாத வீட்டை என்னால் கட்ட முடியும் என்று ஜெபமலர் போய் நின்றதால்தான் அந்தப் பட்டியலில் நடுத்தேரிக்கு மட்டும் ஒரு கோடை தள்ளிவைக்கப்பட்டது.

அவள் கட்டிய வீட்டில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் கூரை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். சுவருக்குள் ஒருவகை மெழுகு. கூரையில் குளிர்ந்த தண்ணீர் மெல்லிய குழாய் வழியாகச் சுவருக்குள் இறங்க, மெழுகு உறையும். பகலில் அதே மெழுகு உருகி உருகி அறையின் சூட்டை விழுங்கும். பனிக்கட்டி வைத்த பாத்திரம் மாதிரி, ஆனால் பனிக்கட்டி இல்லாமல். பாலைவனங்களில் வீடு கட்டியவர்களின் புத்தகங்களை எல்லாம் அவள் படித்திருந்தாள். வீட்டுக்கு நாலு பேர், ஒரு நாளில் பன்னிரண்டு முறை கதவு திறக்கும் என்று அவற்றில் போட்டிருந்தது. அவளும் அப்படியே போட்டாள்.

அன்றே ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நடுத்தேரியை அடைந்தபோது மணி ஒன்று. வெளியே நாற்பத்தாறு டிகிரி. செம்மணல், ஆறப்போட மறந்த கரி மாதிரி கனன்றது. வெள்ளைக் கூரை வீடுகள் பதினொன்றும் கப்பல்கள்போல மணலில் நின்றன. தண்ணீர் மட்டும் எங்கோ போயிருந்தது. மனித நடமாட்டமே இல்லை. ஒன்பது கதவுகள் மூடிக்கிடந்தன. பதினோராவது, அதிகாரிகளுக்குக் காட்டுவதற்காகக் கட்டிய மாதிரி வீடு. அதில் யாரும் குடியில்லை, அது எப்போதும் மூடித்தான் இருக்கும். ஐந்தாம் வீட்டின் கதவு மட்டும் விரியத் திறந்து கிடந்தது. வாசலில் செருப்புகள், கல்யாண மண்டபத்து வாசல்போல.

உள்ளே சிரிப்புச் சத்தம். ஜெபமலர் நிலையில் கால் வைத்ததும் அது அறுந்தது.

தரையிலும் கட்டிலிலும் ஜன்னல் மேடையிலும் ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு பெரிய அண்டா. முருங்கைக்கீரைச் சாம்பார் வாசனை. வீட்டுக்காரி செல்வகனி கரண்டியோடு எழுந்தாள்.

"வாங்க எஞ்சினியரம்மா. இவிய எல்லாரும் இப்பதான், இந்தா, இந்த நிமிசந்தான் வந்தாவ. கெளம்பிட்டே இருக்காவ."

"ஆமா ஆமா," என்று பலபேர் எழுந்தார்கள். யாரும் கிளம்பவில்லை.

"பத்தரைல இருந்து முப்பத்தி மூணு பேரு இருக்காவ," என்றது சுவர். "கதவத் தெறந்தே போட்டுருக்காவ. சொன்னா கேக்க மாட்டுக்காவ."

"வாய மூடு," என்றாள் செல்வகனி சுவரிடம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குரல் வைத்திருந்தார்கள், வெப்பத்தைச் சொல்வதற்கும் கதவை மூடச் சொல்வதற்கும். ஆரம்பத்தில் எல்லாம் செய்தி வாசிக்கிற தமிழில்தான் பேசின. கேட்கிற பேச்சிலிருந்து கற்றுக்கொள்ளும் குரல் என்பதால், ஒரே மாதத்தில் பத்தும் தேரிப் பேச்சுக்கு வந்துவிட்டன. ஐந்தாம் வீடு, தன் வீட்டுக்காரியைப் போலவே கொஞ்சம் அதட்டியும் பேசும்.

"கதவு மூடியிருக்கும், ஆறு பேருக்கு மேல சேர மாட்டோம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டீங்க," என்றாள் ஜெபமலர். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் யாரோ அவள் கையில் ஒரு தட்டைக் கொடுத்திருந்தார்கள்.

"போட்டோம்," என்றார் லிங்கதுரை. ரெண்டாம் வீட்டுக்காரர், ஐம்பது வயது, தனி ஆள். ஊருக்கே துணி தைப்பவர். "மொத பத்து நாளு அப்படித்தான் இருந்தோம். அவனவன் அவனவன் வீட்டுல, கதவ அடைச்சுக்கிட்டு. நல்லாத்தான் இருந்துச்சு. குளுகுளுன்னு. பத்தாம் நாளு நான் ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டுனேன். விழுந்தேன். கணுக்கால் போச்சு."

"அண்ணாச்சி இதச் சொல்ல ஆரம்பிச்சா சாம்பார் ஆறிரும்," என்றான் செல்வகனியின் கணவன் ஐகோர்ட்துரை.

"ஏல, நீ சும்மா இரு. பதினோரு மணிக்கு விழுந்தவன், அஞ்சு மணி வரைக்கும் தரையில கெடக்கேன். கத்துதேன். சுவரு அரையடி கனம், மெழுகு வேற. ஒரு காதுக்கும் எட்டல. இவன் என்ன செஞ்சான் தெரியுமா, என் வீடு? அர மணிக்கு ஒருக்க, 'அறை வெப்பம் இருபத்து நான்கு டிகிரி. வீடு நலமாக உள்ளது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். நானும், ஆமாப்பா, நீ நல்லாருக்க, சந்தோசம்னு சொல்லிட்டுக் கெடந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பலமுறை கேட்ட கதை என்பது சிரிப்பில் தெரிந்தது. ஜெபமலர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். அன்றைய அளவு அவளுக்கு நினைவிருந்தது. பத்து வீடும் இருபத்து நான்கில் நின்ற முதல் நாள். அலுவலகத்தில் லட்டு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

"அதுக்கப்புறந்தான் முறை வச்சோம்," என்றாள் செல்வகனி. "ஒரு நாளைக்கு ஒரு வீடு. உச்சி வெயிலுக்கு எல்லாரும் அங்க. ஒரே உலை, ஒரே அண்டா. மத்த வீடெல்லாம் பூட்டிக் கெடக்கும். முறை வந்த வீடு சுடும், சரிதான். மறுநாளு அது ஆறிக்கிடும். பத்து நாளைக்கு ஒருக்கதான சுடுது."

ஜெபமலர் மனக்கணக்குப் போட்டாள். பத்து வீட்டுக் குளிர்ச்சி. செலவாவது ஒரு வீட்டுடையது மட்டும். மற்ற ஒன்பது சுவர்களிலும் மெழுகு உருகவே இல்லை. எந்தப் புத்தகமும் இப்படி ஒரு ஊரைக் கணக்கில் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. பத்து வீடு கட்டியதாக நினைத்திருந்தாள். இவர்கள் அதைப் பத்து அறையாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னாள். பஸ் விஷயத்தையும். செல்வகனி கரண்டியை அண்டாவுக்குள் போட்டாள்.

"முப்பது மாடின்னா, முருங்கைய எங்க போட?" என்று மட்டும் கேட்டாள். நடுத்தேரியில் மிச்சமிருந்த ஒரே விவசாயம் அது. சொட்டுநீர் பாய்ச்சி வளர்த்த அறுநூறு மரம்.

"ஒரு வழி இருக்கு," என்றாள் ஜெபமலர். "அந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் அவங்கவங்க வீட்ல இருங்க. கதவை மூடிக்குங்க. ஒரே ஒரு நாள். பாஸ் ஆயிடும்."

"மூடிக்கிட்டா போச்சு," என்றான் ஐகோர்ட்துரை. பல தலைகள் ஆடின.

செல்வகனியின் தலை ஆடவில்லை. "இந்தச் சோதனை பாஸானா, அப்புறம்?"

"இதே மாதிரி இருநூறு ஊர்ல கட்டுவாங்க."

"இதே மாதிரின்னா? கதவ மூடிக்கிட்டு, வீட்டுக்கு நாலு பேரு, அடுத்தவன் வரப்படாதுன்னு கையெழுத்து வாங்கிட்டா?"

ஜெபமலர் தட்டைத் தரையில் வைத்தாள்.

"அந்த இருநூறு ஊர்லயும் ஆளு ஸ்டூல்ல ஏறுவான்லா," என்றாள் செல்வகனி. "நாம ஒரு நாளு பொய்யா மூடிக் காமிச்சா, அவிய வருசம் பூரா நெசமா மூடிக்கிட்டுக் கெடக்கணும். நமக்கு என்ன, ஒரு நாளு. அவியளுக்கு?"

லிங்கதுரை தன் கணுக்காலைத் தடவினார். அடுத்த வியாழக்கிழமை முறை அவருடையது. "என் வீட்டுக்கு ஆளு வர்றதே பத்து நாளைக்கு ஒருக்க," என்றார். "அதையும் விட்டுக்குடுக்க எனக்கு மனசில்ல. வேற வழி பாருங்கம்மா. படிச்சிருக்கீங்கள்ல."

வேறு வழி, கை கழுவப் போன இடத்தில் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் கறுப்புச் சொட்டுநீர்க் குழாய், சுருள் சுருளாக. ஜெபமலர் ஈரக் கையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சுவருக்குள்ளும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தன் சுவருக்குள்ளேயே சுற்றிக்கொண்டு.

"ஐகோர்ட் அண்ணே," என்று கூப்பிட்டாள். "இது எத்தனை மீட்டர் இருக்கு?"

"சுருளுக்கு நானூறு. எட்டுச் சுருளு கெடக்கு. ஏன்?"

"ஒன்பது வீட்ல சும்மா கிடக்கிற குளிரை முறை வீட்டுக்கு அனுப்பினா?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஓட்டைய அடைக்கணும். ஒரு முழத்துக்கு ஒரு ஓட்டை. அது ஒண்ணுதான் வேல. மத்தபடி தேரில குழி தோண்டறது எங்களுக்குப் பல்லு வெளக்கற மாதிரி."

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே தோண்டத் தொடங்கினார்கள். மணலில் இரண்டு முழம் இறங்கினால் சூடு அடங்கிவிடும். அங்கே குழாயைப் படுக்கவைத்தார்கள். ஓட்டைகளை அடைக்கும் பொறுப்பு லிங்கதுரைக்கு. நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக்குப் பொத்தான் தைப்பவரின் கவனத்தோடு ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே மற்றவர்களின் வேலையில் குறை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆறாம் வீட்டுக்குக் குழாயை மாற்றி இணைத்துவிட்டார்கள். முறை வீட்டின் சூடெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது. "யாரும் வராம நான் ஏன் வேகுதேன்?" என்று ஆறாம் வீடு அன்று முழுக்கப் புலம்பியது.

குழாய் கொஞ்சம் மிஞ்சியது. அதை வீணாக்குவானேன் என்று ஐகோர்ட்துரை பதினோராம் வீடு வரைக்கும் இழுத்துவிட்டான். ஜெபமலர் அங்கே ஒரு வால்வை வைத்து மூடினாள். மாதிரி வீடு அதிகாரிகள் பார்க்கிற இடம். அதன் குளிர்ச்சி குறையாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். ராத்திரி அவள் தங்கியது அங்கேதான். சோபாவின் பிளாஸ்டிக் உறையை யாரும் இன்னும் பிரிக்கவில்லை. மேசைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் பிளாஸ்டிக் ஆப்பிள்கள் நாலு. உள்ளே நுழைகிற ஒவ்வொரு முறையும் அது, "வணக்கம். மாதிரி இல்லத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்," என்றது, சுத்தமான செய்தித் தமிழில். ஜெபமலர் பதில் சொன்னதில்லை. களைப்பில் படுத்துவிடுவாள்.

திங்கட்கிழமை பதினோராம் வீட்டு வால்வு வரைக்கும் குழாயில் தண்ணீர் நிறைந்தது.

வியாழன் அன்று திருவேங்கடம் தனியாக வரவில்லை. ஆறு பேரை அழைத்து வந்திருந்தார். லிங்கதுரையின் வீட்டில் அப்போது ஊரே இருந்தது. முப்பத்து மூன்று பேர், ஜெபமலர், வந்தவர்கள் ஏழு. கதவு திறந்திருந்தது. திருவேங்கடம் வெப்பமானியைச் சுவரில் மாட்டிவிட்டு, கையில் நோட்டோடு நின்றார்.

"நிக்காதீங்க சார், நின்னா சூடு அதிகம்," என்றார் லிங்கதுரை. புதுச் சட்டை போட்டிருந்தார். "இலை போட்டாச்சு."

"நான் டியூட்டியில இருக்கேன்."

"நாங்களும் டியூட்டிலதான் இருக்கோம். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். மணி பன்னிரண்டு, இருபத்தேழு. ஒரு மணிக்கு இருபத்தெட்டு. ஒன்றரைக்கு இருபத்தெட்டு புள்ளி ஆறு. வெளியே நாற்பத்தேழு. ஜெபமலர் சாப்பிடவில்லை, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இலையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். கூட வந்த ஆறு பேர் அவள் கணக்கில் இல்லை.

"இருபத்தெட்டு புள்ளி ஒம்போது," என்றது ரெண்டாம் வீடு. பிறகு, கொஞ்சம் தயங்கி, "வீடு நலமா இல்ல," என்றது.

யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரும் சோற்றில் கையை வைத்துக்கொண்டு ஒரு சின்ன எண்ணைப் பார்த்தார்கள்.

"நாங்க கொஞ்ச நேரம் வெளிய நிக்கோம்," என்று செல்வகனி எழுந்தாள். கூடவே பத்துப் பேர் எழுந்தார்கள்.

"வேண்டாம்," என்றாள் ஜெபமலர். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரில் இன்னும் ஒரு சுவர் இருக்கிறது, முழுசாக, ஒரு துளிகூட உருகாமல். "ஐகோர்ட் அண்ணே, பதினொண்ணாம் நம்பர் வால்வு."

அவன் எச்சில் கையோடு ஓடினான். நாற்பத்தேழு டிகிரி மணலில், செருப்பையும் மறந்து. ஜன்னல் வழியே பார்த்தவர்கள் பிறகு அவன் ஓட்டத்தை மயில் நடனம் என்றார்கள்.

இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. அப்படியே நின்றது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். சுவருக்குள் தண்ணீர் வேகமாக நகரும் சத்தம் கேட்டது. லிங்கதுரை சுவரில் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"புள்ளி எட்டு," என்றது வீடு. "புள்ளி ஆறு. உக்காருங்க மக்கா, சாப்புடுங்க."

மூன்று மணிக்கு இருபத்தேழரையில் வந்து நின்றது. திருவேங்கடம் பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு படிவத்தைத் திறந்தார். நிரப்பிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"மேடம், வீடுகளின் எண்ணிக்கைன்னு கேட்டிருக்கு. எத்தனைன்னு போட?"

ஜெபமலர் செல்வகனியைப் பார்த்தாள். செல்வகனி அண்டாவைச் சுரண்டிக்கொண்டே, "ஒண்ணுன்னு போடுங்க சார்," என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு, 'ஒன்று' என்று எழுத்தால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். "மேல இருக்கவங்க கேட்டா, நேர்ல வந்து சாப்பிட்டுப் பாக்கச் சொல்லுவேன்," என்றார்.

ஜீப்புகள் போனபோது மணி ஐந்தே கால். வெயில் மஞ்சளாகியிருந்தது. ஐகோர்ட்துரை வெந்த காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, தான் ஓடிய தூரத்தை ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெபமலர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று மாதிரி வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தாள். வழக்கமான வரவேற்பு வரவில்லை. அறை முன்பைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. தந்த குளிர்ச்சியெல்லாம் போக மிச்சம்தான் இருந்தது.

"ரொம்ப நன்றி," என்றாள், சுவரைப் பார்த்து. அதனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"சாப்பாடு என்ன போட்டாவ?" என்றது வீடு.

ஜெபமலர் பையைக் கீழே வைத்தாள். இந்தப் பேச்சை இதனிடம் யாரும் பேசியதில்லை. மற்ற வீடுகளுக்கும் இதற்கும் நடுவில் கம்பி இல்லை. குழாய் மட்டும்தான். குழாயில் தண்ணீர் மட்டும்தான்.

தண்ணீர். ஒலி காற்றைவிடத் தண்ணீரில் வேகமாகப் போகும் என்று எட்டாம் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து, மூடிய வால்வுக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு, இது நாலு மதியத்தையும் கேட்டிருக்கிறது. ஒன்பதாம் வீட்டில், பத்தில், ஒன்றில், ரெண்டில். அண்டா இறங்கும் சத்தம், ஸ்டூல் கதை, அதற்கு எல்லாரும் சிரிக்கிற சிரிப்பு.

"சோறு, பருப்பு, முருங்கைக்கா கூட்டு," என்றாள். "பாயசம்."

"நல்லாருந்துச்சா?"

"நான் ஒழுங்கா சாப்பிடல. பயத்துல இருந்தேன்."

மேசைமேல் பிளாஸ்டிக் ஆப்பிள்கள் மாலை வெளிச்சத்தில் மினுங்கின. தூரத்தில் லிங்கதுரை வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம். அது ஜன்னல் வழியாக வருகிறதா, சுவர் வழியாக வருகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு முறை யாருக்கு?" என்றது.

"மூணாம் நம்பருக்கு."

"அடுத்து நாலு, அப்புறம் அஞ்சு. பத்தோட முடிஞ்சு திரும்ப ஒண்ணுல்லா."

"ஆமா."

"எஞ்சினியரம்மா," என்றது வீடு, மெதுவாக, "பத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல, எனக்கும் ஒரு முறை குடுக்கச் சொல்லுதீங்களா?"